நெஞ்சுத் தையலில் நீர் கசிந்தால் கட்டுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பைபாஸ், வால்வு ஆபரேஷன் பற்றி நாளிதழ்களில் நிறையச் செய்திகள் வருகின்றன. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவர் நெஞ்சில் இருக்கும் அந்த ஒரு சாண் தையலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் சிலர் மாதக்கணக்கில் படுத்துவிடுவது அந்தத் தையலால்தான். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சின் நடு எலும்பைப் பிளந்து செய்யும் ஆபரேஷனில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்கு எலும்பும் அதன் அடியும் வரை கிருமி இறங்குகிறது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அது தலைகாட்டுவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். நோயாளியோ ஏழெட்டு நாளில் டிஸ்சார்ஜ் ஆகி அம்மாப்பேட்டைக்கோ ஆத்தூருக்கோ ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீட்டுக்கோ போய்விடுகிறார். ஆகவே முதல் கசிவைப் பார்ப்பவர் ஆபரேஷன் செய்த டாக்டர் அல்ல, தெருமுனை கிளினிக்கில் கட்டுப் போடுபவர். "தையல் நூல் தள்ளுதுங்க, தானா ஆறிடும்" என்று ஒரு ஊசி, ஐந்து நாள் மாத்திரை, மேலே பஞ்சு. இப்படியே இரண்டு மூன்று வாரம் ஓடிவிடுகிறது. சில சமயம் அது உண்மையிலேயே நூல்தான். எது நூல், எது எலும்பு என்று பிரித்தறியாமல் கட்டு மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதுதான் தவறு.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அவசரம் புரியும். கழுத்துக் குழியிலிருந்து வயிற்றுக் குழி வரை உள்ள நெஞ்செலும்பை ரம்பத்தால் நடுவில் இரண்டாகப் பிளப்பார்கள். வேலை முடிந்ததும் ஆறு முதல் எட்டு ஸ்டீல் கம்பிகளால் முறுக்கிக் கட்டுவார்கள். சேலத்துக்காரர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கம்பி துருவும் பிடிக்காது, எளிதில் அறுந்தும் போகாது. அறுபடுவது எலும்புதான். வயதானவர், சுகர்காரர், மாதவிடாய் நின்ற பெண்கள், வருடக்கணக்கில் பீடி பிடித்தவர்கள் ஆகியோரின் எலும்பு மெத்தென்று இருக்கும். ஒவ்வொரு இருமலுக்கும் கம்பி அதை, சோப்புக் கட்டியை நூல் அறுப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து உள்ளே போகும். இரண்டு பாதியும் தளர்ந்து உரசும். உரசும் இடத்தில் நீர் கோக்கும், கோத்த நீரில் கிருமி குடியேறும். கிருமி முதலில் வந்து எலும்பு பின்னால் தளர்வதும் உண்டு. பெரும்பாலும் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைகள்தான் காரணம்.

இன்னொரு விஷயம் ரத்த ஓட்டம். நெஞ்செலும்பின் இரு ஓரமும் உட்புறமாக ஒவ்வொரு தமனி இறங்குகிறது. எலும்புக்கு ரத்தம் அதிலிருந்துதான் வருகிறது. பைபாஸில் இடப்பக்கத் தமனியைப் பிரித்து இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஒட்டவைப்பார்கள். காலிலிருந்து எடுக்கும் ரத்தக்குழாயைவிட அது பல வருடம் கூடுதலாக உழைக்கும் என்பதால் அதை எடுப்பதே சரி. அதற்காக யாரும் சர்ஜனைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் இடப்பாதி எலும்புக்கு வரத்து குறைந்துவிடுகிறது. இரண்டு பக்கத் தமனியையும் எடுத்திருந்தால், அதுவும் சுகர், உடல் பருமன் உள்ளவருக்கு எடுத்திருந்தால், ஆபத்து ஏறும். ரத்தக் கசிவுக்காக அன்றிரவே நெஞ்சை மறுபடி திறந்திருந்தாலும், கிட்னி கெட்டிருந்தாலும், நாள்பட்ட இருமல் இருந்தாலும் அப்படித்தான்.

வீட்டில் பார்க்க வேண்டியவை இவை. வைக்கோல் நிறத்திலோ இளஞ்சிவப்பாகவோ நீர் திடீரென்று பனியனை நனைப்பது. குண்டூசி முனை அளவு துளைதான் இருக்கும், ஆனால் இருமும்போது அதிலிருந்து நீர் குமிழியிட்டு வரும். அப்படி வந்தால் ஊற்று ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். படுக்கையில் திரும்பும்போது நெஞ்சுக்குள் "களுக்" என்று ஓர் அசைவு தெரிவது. குறைந்துகொண்டே வந்த வலி பத்தாம் நாளுக்குமேல் திரும்ப ஏறுவது. காய்ச்சல் வந்தே தீரும் என்று இல்லை. சுகர்காரர்களுக்குப் பெரும்பாலும், அதுவரை கட்டுக்குள் இருந்த சுகர் காரணமில்லாமல் எகிறுவதுதான் முதல் அறிகுறி.

களுக் சத்தத்தைப் பரிசோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். செவிலியர் கையைச் சுத்தம் செய்து, உள்ளங்கையைத் தையலின் மேல் தட்டையாக வைக்கிறார், அழுத்துவதில்லை. நோயாளி தலையை இடமும் வலமும் திருப்புகிறார், பிறகு மெல்ல ஒருமுறை இருமுகிறார். எலும்பு சேர்ந்திருந்தால் நெஞ்சு முழுவதும் ஒரே பலகையாக எழுந்து தணியும். சேராவிட்டால் உள்ளங்கையின் நடுவில் இரண்டு விளிம்பு தனித்தனியே ஏறி இறங்குவது தெரியும். அப்படித் தெரிந்தால் அன்றைக்கே ஆபரேஷன் நடந்த இடத்துக்குப் போக வேண்டும். எலும்புக்கு ஒட்டிப் பின்னாலேயே இதயத்தின் வலது கீழறை இருக்கிறது. ஆறும்போது எலும்பின் உட்புறத்தோடு அது ஒட்டிக்கொள்ளும். கூரான விளிம்பு அசைந்தால் அந்தச் சுவர் கிழிய வாய்ப்பு உண்டு.

தெருமுனை கிளினிக்குகளுக்கு ஒரு வேண்டுகோள்: கல்ச்சர், அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு எடுக்குமுன் ஆன்டிபயாடிக் தொடங்காதீர்கள். மேலே வழியும் நீரைப் பஞ்சில் தொட்டு அனுப்பினால் பெரும்பாலும் தோல் கிருமிதான் வளரும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். ஆழத்திலிருந்து மூன்று முதல் ஐந்து துண்டுத் திசு, தனித்தனிச் சுத்தமான டப்பாவில், கூடவே ரத்தக் கல்ச்சர். மாதங்கள் கழித்து வரும் புண்ணாக இருந்தால் காசநோய்ப் பரிசோதனைக்கும் ஒரு துண்டு போக வேண்டும். நெஞ்செலும்பில் காசநோய் வந்து அதைச் சாதாரணச் சீழ் என்று நினைப்பது நடக்கக்கூடியதுதான்.

இனி வைத்தியம். இது ஒரே ஆபரேஷனில் முடியும் என்று நினைத்து வருபவர்களுக்குத்தான் ஏமாற்றம் அதிகம். முதலில் ஆபரேஷன் தியேட்டரில் புண்ணை முழுதாகத் திறந்து, தளர்ந்த கம்பிகளை எடுத்து, செத்த எலும்பையும் கருத்த திசுவையும் ரத்தம் கசியும் நல்ல விளிம்பு வரும்வரை சுரண்டி எடுக்க வேண்டும், பிறகு வெதுவெதுப்பான சலைனால் கழுவ வேண்டும். விலா எலும்பின் குருத்தெலும்பில் கிருமி ஏறியிருந்தால் அதையும் விட்டுவைக்கக் கூடாது. குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது, ஆன்டிபயாடிக் அங்கே போய்ச் சேராது. ஆறிய தழும்பில் மாதத்துக்கொரு முறை பருப்போல வந்து உடைந்து மூடும் சின்னத் துளைக்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் குருத்தெலும்புத் துண்டோ ஒரு கம்பியோதான். எத்தனை அட்டை மாத்திரை விழுங்கினாலும் அந்தத் துளை மூடாது.

சீக்கிரம் வந்து, எலும்பும் உறுதியாக இருந்தால் அப்போதே திரும்பக் கட்டிவிடலாம். இரு ஓரமும் விலா இடைவெளிகளில் கம்பியை முடைந்து, அதைச் சுற்றிக் குறுக்குக் கம்பி போடும் முறை 1977-ல் ரோபிசெக் என்ற சர்ஜன் வெளியிட்டது, இன்றும் பயன்படுகிறது. தாமதமாக வருபவர்களுக்கு அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. அவர்களுக்கு வேக் டிரெஸ்ஸிங்: புண்ணுக்குள் ஸ்பாஞ்ச் வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாள் மூடி, மெஷினால் உறிஞ்சுவது. வழக்கமான அழுத்தம் மைனஸ் 125 மில்லிமீட்டர் பாதரசம், இதயம் வெளியே தெரியும் புண்ணில் பலர் அதைக் குறைத்தே வைப்பார்கள். ஸ்பாஞ்சை 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மிக முக்கியம், ஸ்பாஞ்ச் இதயத்தின் மேல் நேராகப் படக் கூடாது. நடுவில் ஒட்டாத பாரஃபின் வலைத்துணி பல அடுக்கு, எலும்பு விளிம்புக்கு அடியிலும் நுழையும்படி விரிக்க வேண்டும். உறிஞ்சிய நீர் சேரும் டப்பாவில் திடீரென்று பளிச்சென்ற ரத்தம் ஏறினால் உடனே மெஷினை நிறுத்தி, ஸ்பாஞ்சைப் பிடுங்காமல் மேலே கை வைத்து அழுத்திக்கொண்டே சர்ஜனைக் கூப்பிட வேண்டும். அழுத்தத்தை அளந்து குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் சுவர்க் குழாய் சக்‌ஷனில் நேராக மாட்டுவது சிக்கனம் அல்ல, ஆபத்து. மின்சாரம் போய் மெஷின் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பாஞ்சே கிருமிக் கூடாகிவிடும். மழைக்காலத்தில் அடிக்கடி மின்தடை வரும் மலைக்கிராமத்துக்குத் திறந்த நெஞ்சோடு, மெஷினோடு யாரையும் அனுப்பக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டு, மூன்று முறை மாற்றிய பிறகு புண் சிவந்து, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்கியதும் மூடும் வேலை எங்களிடம் வருகிறது. அரசு மருத்துவமனைகளில் 'ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சைத் துறை' என்று போர்டு இருக்கும், மக்கள் சொல்வது பிளாஸ்டிக் சர்ஜரி. "நெஞ்சுப் புண்ணுக்கு எதுக்குங்க அழகு ஆபரேஷன்?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. குழியில் கிருமி மீண்டும் தங்காமல் இருக்க அதை ரத்த ஓட்டமுள்ள சதையால் நிரப்ப வேண்டும், தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் அடியில் வெற்றிடம் நிற்கும், நீர் கோக்கும், திரும்பப் பிரியும். 1976-ல் வயிற்றுக் கொழுப்புச் சவ்வையும், 1980-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஜர்கீவிச் குழுவினர் நெஞ்சுத் தசைகளையும் கொண்டு இதை மூடிக் காட்டிய பிறகுதான் இந்தப் புண்ணால் சாவோர் தொகை வெகுவாகக் குறைந்தது.

அதிகம் பயன்படுவது மார்பின் பெரிய தசை. நடுக்கோட்டிலிருந்து அதை விலா எலும்புகளின் மேலிருந்து அக்குள் பக்கம் வரை பிரித்து, நடுவுக்கு நகர்த்துகிறோம். அதன் முக்கிய ரத்தக்குழாய் காறை எலும்புக்கு அடியிலிருந்து வருகிறது, அதைத் தொடாமல் காப்பாற்றினால் தசை பிழைக்கும். எட்டவில்லை என்றால் மேற்கையில் ஒட்டும் முனையை அறுத்துவிட்டால் இன்னும் சில சென்டிமீட்டர் வரும். இரு பக்கத் தசையையும் வேட்டி மடிப்புபோல ஒன்றன்மேல் ஒன்று போட்டுத் தைக்கலாம். இதே தசையைப் புத்தகத் தாள்போல உள்ளே புரட்டிப் போடும் முறையும் உண்டு. அதற்கு ரத்தம் நெஞ்செலும்பு ஓரத் தமனியிலிருந்து வர வேண்டும். பைபாஸுக்கு இடப்பக்கத் தமனியை எடுத்தவருக்கு இடப்பக்கம் புரட்டினால் தசை செத்துவிடும். எந்தத் தமனி எடுக்கப்பட்டது என்று டிஸ்சார்ஜ் தாளில் தெளிவாக எழுத வேண்டும் என்று நாங்கள் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தசைக்கு எட்டாத இடம் புண்ணின் கீழ் மூன்றில் ஒரு பங்கு. தையல் திரும்பப் பிரிவதும் அங்கேதான் அதிகம். அதற்கு வயிற்றின் நேர்த்தசையை மேலே திருப்பலாம். ஆனால் அதுவும் அதே ஓரத் தமனியின் தொடர்ச்சியை நம்பி இருப்பதால், பொதுவாகத் தமனி எடுக்காத பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். வயிற்றுச் சுவர் பலம் குறைந்து குடலிறக்கம் வரலாம். கோணல்மாணலான ஆழக் குழிக்கு எங்கள் விருப்பம் ஓமென்டம், குடலின் மேல் முந்தானைபோலத் தொங்கும் கொழுப்புச் சவ்வு. சந்துபொந்தெல்லாம் போய் அடைத்துக்கொள்ளும், கிருமியோடு சண்டையும் போடும். ஆனால் ஒருவருக்கு அது அகலமாக இருக்கும், இன்னொருவருக்குக் கைக்குட்டை அளவுதான் இருக்கும். வயிற்றில் முன்பே ஆபரேஷன் ஆனவருக்கு ஒட்டிப்போயிருக்கும். முதுகுத் தசை கடைசி வழி, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருப்பதால்.

எலும்பை எடுத்துவிட்டு வெறும் சதையால் மூடினால் நெஞ்சு தாங்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தாங்கும். சில மாதத்தில் நடுவில் கெட்டியான தழும்பு உருவாகி இரு பாதியையும் பிடித்துக்கொள்ளும். பலமாக இருமினால் அந்த இடம் லேசாகத் தூக்கும், அவ்வளவுதான். கையால் தள்ளும் பலம் கொஞ்சம் குறையும். பெண்களுக்கு மார்பின் வடிவம் நடுவை நோக்கி மாறும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பிறகு கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ள விடக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பின் தசைக்கு அடியில் தேங்கும் நீரை வெளியே எடுக்க இரண்டு முதல் நான்கு டிரெயின் குழாய்கள், அவற்றின் முனையில் டப்பா இருக்கும். ஸ்பிரிங்போல அமுங்கும் அந்த டப்பா உப்பியே இருந்தால் உறிஞ்சவில்லை என்று அர்த்தம். கிளிப்பை மூடி, திறந்து காலி செய்து, நன்றாக அமுக்கி, மூடிப் பிறகு கிளிப்பை விட வேண்டும். எத்தனை மில்லி என்று நோட்டில் எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, அதுவும் அடுத்தடுத்து இரண்டு நாள் இறங்கினால்தான் குழாயை எடுப்பது. வலிக்கிறது என்று முன்னதாக எடுத்தால் நீர்க்கட்டு உருவாகும். தோல் தையலை இரண்டிலிருந்து மூன்று வாரம் விட்டுவைக்கிறோம். ஆன்டிபயாடிக் நான்கிலிருந்து ஆறு வாரம், கல்ச்சர் சொன்ன மருந்து. உலோக வால்வு வைத்தவர்கள் கட்டுத்துணியில் ரத்தம் தெரிகிறது என்று ரத்தம் இளக்கும் வார்ஃபரின் மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடக் கூடாது. வால்வில் ரத்தக்கட்டி அடைத்துவிடும். நிறுத்துவது, ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவது எல்லாம் டாக்டர் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) பார்த்துச் செய்வது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "முட்டை, மீன், பருப்பு எல்லாம் சீழ் வைக்கும்" என்று பத்தியம் பிடித்து ரசச் சோறு மட்டும் கொடுக்கும் வழக்கம் எங்கள் தையலை டாக்டர்களைவிட வேகமாகப் பிரிக்கிறது. எடைக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம். இரண்டு முட்டையில் 12, அரை லிட்டர் பாலில் 16, நூறு கிராம் மீன் அல்லது கோழியில் 20, ஒரு கிண்ணம் பருப்பில் 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10. இட்லியும் சோறும் மீதியைச் சரிக்கட்டும். கிட்னி கெட்டவர்கள் மட்டும் அளவைக் கேட்டுச் சாப்பிட வேண்டும். மஞ்சள், சாம்பல், பச்சிலை, பவுடர் எதையும் தையலில் வைக்கக் கூடாது. டாக்டர் குளிக்கலாம் என்று சொன்ன பிறகு சோப்பும் தண்ணீரும் போதும், ஒற்றித் துடைக்க வேண்டும்.

சேலத்துச் சித்திரை வெயிலில் பெண்களுக்கு மார்பின் அடி மடிப்பில் வேர்வை தேங்கித் தையலின் கீழ் முனை ஊறும். மார்பின் கனமும் அதே இடத்தைத்தான் இழுக்கிறது. முன்னால் ஹூக் வைத்த, தாங்கிப் பிடிக்கும் பருத்தி உள்ளாடை இரவும் பகலும் வேண்டும். நம் ரவிக்கைக்கு முன்பக்கம் ஹூக் இருப்பது இந்த விஷயத்தில் வசதி, கையைப் பின்னால் வளைக்க வேண்டாம். மலையில் பிரச்சினை வேறு. குளிரில் சளி, இருமல். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். ஏற்காட்டுக்கு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்குவது நெஞ்செலும்பை இருபது முறை இழுத்துப் பார்ப்பது. கீழே உறவினர் வீடு இருந்தால் முதல் இரண்டு மூன்று வாரம் அங்கேயே தங்குவது நல்லது. போய்த்தான் ஆக வேண்டுமென்றால் கார், பின் சீட்டு, மடியில் தலையணை.

எட்டு வாரத்துக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், பேரக்குழந்தை இரண்டும் இதில் அடங்கும். கட்டிலிலிருந்து கையை ஊன்றி எழக் கூடாது. பக்கவாட்டில் உருண்டு, காலைக் கீழே போட்டு எழ வேண்டும். தசை மாற்றி வைத்தவர்கள் முதல் நாலைந்து வாரம் முழங்கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது. தறியில் பாவு பீம் தூக்குவது, வெள்ளிப் பட்டறையில் கம்பி இழுப்பது, சில்வர் ஓக்கில் ஏணி சாத்தி மிளகு பறிப்பது, காப்பிச் செடி கவாத்து செய்வது, எல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகு, டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

ஆபரேஷனுக்கு முன்பே செய்யக்கூடியவை பல. நாலு வாரம் முன்னால் பீடி, சிகரெட்டை விடுவது, சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்து ஆபரேஷன் சமயத்தில் 180-ஐத் தாண்டாமல் வைப்பது, பிளேடால் மழிக்காமல் கிளிப்பரால் முடி எடுப்பது, மூக்கில் ஐந்து நாள் முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு தடவுவது, கத்தி வைக்குமுன் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போடுவது. இவற்றைப் பெரிய மருத்துவமனைகள் செய்கின்றன. பீடியை விடுவதும் சுகரும் மட்டும் வீட்டார் கையில் இருக்கிறது.

மாவட்ட நிர்வாகத்துக்கும் மருத்துவமனைகளுக்கும் எங்கள் கோரிக்கை சிறியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் சுகர், பிரஷர் மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறார்கள். இதய ஆபரேஷன் முடிந்து வந்தவர் இருக்கும் வீட்டில் 10, 15, 21, 30-ஆம் நாட்களில் தையலைப் பார்த்து, உள்ளங்கைப் பரிசோதனை செய்து, ஒரு படம் எடுத்து ஆபரேஷன் செய்த குழுவுக்கு அனுப்பச் சொல்லலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வரம்பு இருக்கிறது. முதல் ஆபரேஷனிலேயே எவ்வளவு போனது, புண் திரும்பத் திறந்தால் மீதியில் எது சேரும் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆபரேஷன் கோவையிலோ சென்னையிலோ நடந்து, உடனே அங்கே போக முடியாதவர்கள் டிஸ்சார்ஜ் தாளோடு இந்தச் சேலம் மருத்துவமனைக்கு வரலாம்.

அந்தத் தாளில் தமிழில் நாலு வரி சேர்க்க வேண்டும்: எந்தப் பக்கத் தமனி எடுக்கப்பட்டது, எத்தனை கம்பி போடப்பட்டது, ரத்தம் இளக்கும் மருந்து எது, தையல் கசிந்தால் இரவிலும் கூப்பிட வேண்டிய எண் எது. கம்ப்யூட்டரில் மாற்ற நாளாகும் என்றால் அதுவரைக்கும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

இப்படிக்கு,
ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சை மற்றும் புண் பராமரிப்புப் பணியில் உள்ள மருத்துவர்கள், செவிலியர்கள்,
சேலம்.